வகுப்பில் விளையாட்டு எப்போது பாடமாகிறது? பாவனைப் பயிற்சி, பாத்திரமேற்றல்: ஒரு விளக்கம்

"இன்னிக்கு சோசியல் பீரியட்ல கண்மாய் விளையாட்டு விளையாண்டோம்" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் வந்து சொன்னால், பெற்றோர் முதலில் நோட்டைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது. "ஃபீஸ் கட்டி விளையாடவா அனுப்புறோம்?" என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. இன்னொரு பக்கம் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அனுபவவழிக் கற்றல் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல், பொம்மலாட்டம் என்று வகுப்பை மாற்றச் சொல்கிறது. பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த ஆசிரியருக்கும் எது பாடம், எது பொழுதுபோக்கு என்ற குழப்பம் தீர்வதில்லை.

விளையாட்டு முடிந்ததும் மணி அடித்துப் பிள்ளைகள் எழுந்து போய்விட்டால் அங்கே பாடம் நடக்கவில்லை. ஆடியதை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க, ஆடிய அளவு நேரமாவது கொடுத்தால்தான் அது பாடம். அந்த நேரத்தை ஒதுக்க முடியாத ஆசிரியர் வழக்கம்போல் கரும்பலகையில் நடத்திவிடுவதே மேல்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. பாத்திரமேற்றல்: மாணவர் இன்னொருவரின் இடத்தில் நின்று பேசுவது, முடிவெடுப்பது. ஊராட்சித் தலைவர், ரேஷன் கடைப் பணியாளர், புகார் கொடுக்க வந்தவர் என்று ஆளுக்கொரு பாத்திரம். அவருக்கு என்ன வேண்டும், என்ன தெரியும் என்பது மட்டும் அட்டையில் இருக்கும். வசனம் இருக்காது.

2. பாவனைப் பயிற்சி: ஆசிரியர் பயிற்சிகளில் சிமுலேஷன் என்று சொல்லப்படுவது. உண்மையான ஓர் அமைப்பைச் சில விதிகளாகவும் எண்களாகவும் சுருக்கி, அதை வகுப்புக்குள் இயக்கிப் பார்ப்பது. இங்கே நடிப்பு முக்கியமில்லை. விதிக்கு உட்பட்டு முடிவெடுத்தால் விளைவு தானாக வரும்.

3. விளையாட்டு: விதி, இலக்கு, முடிவு மூன்றும் உள்ள எதுவும். பல்லாங்குழியும் விளையாட்டுதான். ஆனால் அது எந்த அமைப்பின் சுருக்கமும் இல்லை என்பதால் பாவனைப் பயிற்சி ஆகாது.

நடைமுறையில் இவை கலந்துதான் வரும். ஆனால் நாடகத்தையும் பாத்திரமேற்றலையும் ஒன்றாக நினைப்பதுதான் பள்ளிகளில் அதிகம் நடக்கும் தவறு. மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டையே பார்க்கலாம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஆண்டுவிழா மேடையில் போட்டால் கண்ணகி சிலம்பை உடைப்பாள், மாணிக்கப் பரல் தெறிக்கும், பாண்டியன் அரியணையிலிருந்து சாய்வான். முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும், அது நாடகம். அதே கதையைப் பொற்கொல்லன் புகார் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டு, "அரசரே, ஆணையிடுவதற்கு முன் யாரை அழைத்து, எதைக் கேட்பீர்கள்?" என்று ஒரு மாணவரிடம் விட்டால் அது பாத்திரமேற்றல். அரசி, பொற்கொல்லன், காவலன் மூவருக்கும் தனித்தனி அட்டை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பது அரசியின் அட்டையில் மட்டும் இருக்கும். அரசனாக இருப்பவர் அதைக் கேட்கத் தோன்றினால் கோவலன் பிழைப்பான், தோன்றாவிட்டால் இல்லை. விசாரணை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

இது புதுச் சரக்கு இல்லை

பி.எட். முடித்த எல்லா ஆசிரியரும் ஒரு பாவனைப் பயிற்சியைக் கடந்து வந்தவர்களே. மைக்ரோ டீச்சிங் எனப்படும் நுண்நிலைக் கற்பித்தலில் சக மாணவர்களே பள்ளிப் பிள்ளைகளாக உட்காருவார்கள். நம் நாட்டு முறைப்படி 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கருத்துக் கேட்டல், 12 நிமிடம் திட்டத்தைத் திருத்துதல், மறுபடி 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கருத்துக் கேட்டல். ஆக 36 நிமிடத்தில் கற்பிப்பது 12 நிமிடம்தான், மிச்சம் 24-ம் யோசிப்பதற்கு. இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் பாதி புரிந்துவிடும்.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டுப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவும், சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் மாதிரி நீதிமன்றமும் இதே குடும்பம். படைத்துறையில் இதற்கு இன்னும் வயது அதிகம். பிரஷ்ய ராணுவம் 1820-களிலேயே வரைபடமும் பகடையும் வைத்துத் தன் அதிகாரிகளுக்குப் போரைப் பழக்கியது.

ஒரு முழு எடுத்துக்காட்டு: ஆறு ஊர், ஒரு கால்வாய்

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் நீர்வளம், வேளாண்மை, உள்ளாட்சி ஆகிய பாடங்களுக்கு ஏற்ற விளையாட்டு இது. மதுரை வட்டாரத்துக்குப் பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கர் ஒருபோகம். வைகை அணை நிறையாத ஆண்டில் "கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை" என்ற செய்தி மேலூரிலிருந்து வருவது வாடிக்கை. அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் வகுப்புக்குள் இறக்குகிறோம்.

தேவையானவை, 40 பேர் வகுப்புக்கு:

- புளியங்கொட்டை 60, தொலைவதற்கு மேற்கொண்டு 12. ஒரு கொட்டை ஒரு பங்கு நீர்.
- ஒரு மஞ்சப்பை. கை உள்ளே போனால் எத்தனை எடுத்தார்கள் என்று வெளியே தெரியக்கூடாது. அதனால் கண்ணாடிப் பாத்திரம் உதவாது.
- பயிர் அட்டை ஊருக்கு 2: ஒன்றில் நெல், மற்றதில் உளுந்து.
- ஆள் அட்டை ஊருக்கு 2, மொத்தம் 12. கால்வாய் தூர்வார அனுப்பும் ஆட்களின் கணக்கு இது. பழைய காலண்டர் அட்டையை வெட்டினால் போதும்.

ஆறு பேர் கொண்ட ஆறு ஊர்களுக்கு 36 பேர். மீதி நால்வரில் ஒருவர் நீர்வளத் துறைப் பொறியாளர், ஒருவர் கரும்பலகைக் கணக்கர், இருவர் பார்வையாளர்கள். பார்வையாளர் வேலையை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடக் கூடாது. யார் முகம் எப்போது மாறியது, யார் யாரிடம் ரகசியமாகப் பேசினார்கள் என்பதை இருவரும் எழுத வேண்டும். பிறகு அது பெரிதும் தேவைப்படும்.

ஊர்களுக்கு எண் மட்டும் போதும். முதல் ஊர் கால்வாயின் தலைப்பில், ஆறாம் ஊர் கடைமடையில். உண்மையான ஊர்ப்பெயர் வைத்தால் அந்த ஊர்ப் பிள்ளை வகுப்பில் இருக்கும். விளையாட்டு அடுத்த நிமிடமே சண்டையாகும்.

ஒரு பருவம் நடக்கும் முறை:

1. ஒவ்வோர் ஊரும் பயிர் அட்டை ஒன்றைக் கவிழ்த்து வைக்கும். பிறகு மாற்ற முடியாது. ஒன்றும் வைக்காமல் தரிசாகவும் விடலாம்.
2. 60 கொட்டையுடன் பை முதல் ஊரிலிருந்து ஆறாம் ஊர் வரை போகும். ஓர் ஊர் அதிகபட்சம் 20 எடுக்கலாம்.
3. அட்டையைத் திருப்ப வேண்டும். நெல்லுக்கு 15 கொட்டை இருந்தால் 30 புள்ளி. உளுந்துக்கு 6 இருந்தால் 9 புள்ளி. ஒன்று குறைந்தாலும் பயிர் கருகிவிட்டது, புள்ளி இல்லை. மிஞ்சிய கொட்டை அடுத்த பருவத்துக்கு வராது.
4. ஒவ்வோர் ஊரும் 0, 1 அல்லது 2 ஆள் அட்டைகளை மடித்துப் பொறியாளரிடம் கொடுக்கும். மொத்தம் 12 சேர்ந்தால் அடுத்த பருவம் 60 கொட்டை. குறையும் ஒவ்வோர் ஆளுக்கும் கால்வாயில் மண் மேடிட்டு 3 கொட்டை குறையும். முழு 12 ஆளும் ஒரு முறை வரும்வரை அந்தக் குறைவு பருவத்துக்குப் பருவம் கூடிக்கொண்டே போகும்.

நேரக் கணக்கு: விளக்கம் 6 நிமிடம், முதல் மூன்று பருவம் தலா 5 நிமிடம் (அதில் ஊர்களுக்கிடையே பேச்சு கிடையாது), மூன்றாம் அறுவடைக்குப் பின், ஆள் அட்டை கொடுப்பதற்கு முன், 8 நிமிடம் ஆறு ஊர்க் கூட்டம், கடைசி இரண்டு பருவம் தலா 5 நிமிடம். மொத்தம் 39 நிமிடம், ஒரு பாடவேளை. பின்னுரையாடலுக்கு, அதாவது ஆடியதை உட்கார்ந்து பிரித்துப் பேசுவதற்கு, இன்னொரு பாடவேளை வேண்டும், அன்றைக்கோ மறுநாளோ. இடையில் சனி, ஞாயிறு வந்தால் எல்லாம் ஆறிப்போகும்.

தொடக்கத்தில் "அதிகப் புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார்" என்று சொல்லக்கூடாது. "உங்கள் ஊர் ஐந்து பருவமும் பிழைக்க வேண்டும்" என்று சொன்னால் போதும்.

அந்த எண்களுக்குள் என்ன இருக்கிறது

ஆசிரியர் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் வகுப்பில் நடப்பது அவருக்கே புரியாது.

முதல் பருவத்தில் தலைப்பு ஊர்கள் நெல் வைத்து 15 எடுக்கும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 20 அள்ளும் ஊர்களும் உண்டு. முதல் மூன்று ஊரும் 20 அள்ளினால் பை அத்தோடு காலி. அந்த மூன்று ஊரும் வீணாக வைத்திருக்கும் 15 கொட்டை, இன்னோர் ஊரின் முழு நெல் விளைச்சல். யாரும் கூடுதலாக எடுக்காவிட்டாலும் 15 வீதம் நான்கு ஊரோடு 60-ம் தீர்ந்துவிடும். ஐந்தாம் ஊர்ப் பிள்ளை பைக்குள் கைவிட்டுத் துழாவி, பையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டி, "டீச்சர், பையில ஒண்ணுமே இல்ல" என்று சொல்லும் நேரத்தில் ஆசிரியர் வாய் திறக்கக்கூடாது.

அடுத்தது ஆள் அட்டை. "தண்ணியே வரல, நாங்க எதுக்கு ஆள் அனுப்பணும்?" என்று ஐந்தும் ஆறும் கைவிரிக்கும். நான்கு ஆள் குறைந்தால் 12 கொட்டை குறையும். இரண்டாம் பருவத்தில் 48-தான். மூன்று ஊர் நெல் வைத்தால் 45 போக நான்காம் ஊருக்கு மிஞ்சுவது 3. முதல் பருவத்தில் 30 புள்ளி எடுத்த ஊர் இப்போது கடைமடை ஆகிவிட்டது. கடைமடை ஊர்கள் மறுபடியும் ஆள் அனுப்பாவிட்டால் மூன்றாம் பருவம் 36. இப்போது இரண்டு நெல், ஓர் உளுந்து, அவ்வளவுதான். நான்காம் ஊரும் கோபித்துக்கொண்டு ஆளை நிறுத்திவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கடைமடையின் வயிற்றெரிச்சல் இரண்டே பருவத்தில் தலைமடை வாசலுக்கு வந்துவிடுகிறது. நேபாளத்துப் பாசனங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் இதையே வேறு திசையிலிருந்து கண்டார்: பராமரிப்புக்குக் கடைமடை ஆட்களின் உழைப்பு தேவைப்படும் இடங்களில் தலைமடைக்காரர்கள் நீரைப் பகிர்ந்துகொள்ளும் போக்கு அதிகம். பொதுவளங்களை மக்களே ஆளும் முறைகள் குறித்த ஆய்வுக்காக அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

எல்லா ஊரும் ஆள் அனுப்பி 60 கொட்டையை மீட்பது என்று முடிவானால், கூட்டத்தில் வகுப்புகள் மூன்று வகைத் தீர்வுக்கு வரலாம்.

முதலாவது, இரண்டு ஊர் நெல், நான்கு ஊர் உளுந்து. 54 கொட்டை செலவு, எல்லா ஊரும் விளையும். ஆனால் மொத்தம் 96 புள்ளிதான். நான்கு ஊர் நெல் வைத்தபோது மொத்தம் 120. சமமாகப் பிரித்தால் மொத்த விளைச்சல் குறையும் என்பது பிள்ளைகளுக்கு இடிக்கும். இடிக்கட்டும்.

இரண்டாவது, நான்கு ஊர் நெல் வைத்து, விளைந்ததில் தரிசு விட்ட இரண்டு ஊருக்கும் பங்கு கொடுப்பது. 120-ஐ ஆறால் வகுத்தால் ஊருக்கு 20. காகிதத்தில் இதுவே சிறந்தது. வகுப்பில் பெரும்பாலும் உடைந்துபோவதும் இதுவே. அறுவடை கைக்கு வந்தபின் கொடுக்க மனம் வராது.

மூன்றாவது, முறைப்பாசனம். பருவத்துக்கு இரண்டு ஊர் மாறி மாறித் தரிசு விடுவது. மூன்று பருவத்தில் ஒவ்வோர் ஊரும் இரண்டு முறை நெல் எடுக்கும், ஊருக்கு 60 புள்ளி. ஆனால் விளையாட்டில் மிச்சம் இருப்பது இரண்டு பருவம்தான். யார் முறை விடுவது? "ஏற்கெனவே விளைஞ்சவங்க விடட்டும்" என்று கடைமடையும், "பழசப் பேசாதீங்க, இனிமேல்தான் கணக்கு" என்று தலைமடையும் மல்லுக்கு நிற்கும். கூட்டத்துக்கு எட்டு நிமிடம் ஒதுக்கியிருப்பது இந்த வாக்குவாதத்துக்காகத்தான்.

எந்தத் தீர்வானாலும் அடுத்து ஒரு கேள்வி வரும்: சொன்னபடிதான் எடுத்தார்கள் என்று யார் பார்ப்பது? பையிலிருந்து எடுத்ததை எண்ண ஆள் வைக்கலாமா என்று வகுப்பே கேட்டால் அனுமதிக்க வேண்டும். ஆசிரியராக முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவரை ஊரே நியமித்து, அறுவடையில் அவருக்கு நெல் அளந்த வழக்கம் ஏன் வந்தது என்பதற்கு அதன்பின் தனி விளக்கம் தேவைப்படாது.

பின்னுரையாடல்: 40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

1. பாத்திரத்தைக் கழற்றுதல், 3 நிமிடம். அட்டைகளைத் திருப்பி வாங்கி, பிள்ளைகளைத் தம் பழைய இடத்தில் உட்காரவைக்க வேண்டும். "நாலாம் ஊர்" என்று கூப்பிடுவது அத்தோடு நிற்க வேண்டும். இதைத் தவிர்த்தால் "நீ தண்ணி திருடுனவன்தானே" என்பது சத்துணவு வரிசை வரை போகும்.

2. மனதில் பட்டது, 7 நிமிடம். கடைமடையிலிருந்து தொடங்கி, "பை காலியாக வந்தபோது என்ன தோன்றியது?" என்று கேட்கலாம். நியாயம் தீர்க்க இது நேரமில்லை. கோபம் வெளியே வராமல் காரண காரியம் பேச முடியாது என்பதால்தான் இதை முன்னால் வைக்கிறோம்.

3. என்ன நடந்தது, 10 நிமிடம். கரும்பலகைக் கணக்கும் பார்வையாளர் குறிப்பும் வைத்து, பருவம் பருவமாக. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் மட்டுமே தெரியும். மொத்தப் படம் இங்கேதான் முதல்முறையாகத் தெரிய வரும்.

4. ஊரோடு ஒப்பிடுதல், 12 நிமிடம். மடை (நீர் திறந்துவிடும் வழி), கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்), வரத்துக்கால் (நீர் வந்துசேரும் கால்வாய்), ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்), குடிமராமத்து (ஊராரே செய்யும் பராமரிப்பு) ஆகிய சொற்களை இங்கே அறிமுகம் செய்யலாம். ஆடுவதற்கு முன்பே இவற்றை எழுதிப் போட்டால் வெறும் சொற்களாகவே நின்றுவிடும்.

5. மாதிரியின் குறை, 8 நிமிடம். பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. முறை முழுவதிலும் முக்கியமானதும் இதுதான்.

ஐந்தாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எந்த பாவனைப் பயிற்சியும் உண்மையில் பாதியைத்தான் சொல்லும். நம் விளையாட்டில் போர்வெல் இல்லை, கண்மாய் ஆக்கிரமிப்பு இல்லை, நிலமில்லாத கூலிக்காரர் இல்லை, மீன் குத்தகை இல்லை. அதைவிட நுட்பமான விஷயம், எண்களில் ஒளிந்திருக்கும் கருத்து. நெல்லுக்கு 15, உளுந்துக்கு 6 என்று வைத்தோம். வயலில் நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் தேவை என்றால் உளுந்துக்கு அதில் கால் பங்குதான். அப்படியே வைத்தால் உளுந்துக்கு 4 கொட்டை. இப்போது மூன்று ஊர் நெல், மூன்று ஊர் உளுந்து வைத்தால் 45-ம் 12-ம் சேர்ந்து 57 கொட்டை. ஆறு ஊரும் விளையும், மொத்தம் 117 புள்ளி. சண்டையே இல்லை. 6 கொட்டை என்று வைத்ததால் அதே ஏற்பாட்டுக்கு 63 தேவைப்பட்டு, மூன்று கொட்டையில் இடிக்கிறது. சண்டை வரவேண்டும் என்று விளையாட்டை உருவாக்கியவர் முடிவு செய்தார், அதனால் வந்தது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடவைத்து, "அப்போ இதை வச்சு மேலூர்ப் பிரச்சினையைப் புரிஞ்சுகிட்டோம்னு சொல்லலாமா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாத வகுப்பில் பிள்ளைகள் ஒரு விளையாட்டை உண்மை என்று நம்பிப் போவார்கள். அதற்கு விளையாடாமல் இருப்பதே நல்லது.

ஒரு விதி மாறினால் பாடமே மாறும்

மேல்நிலைப் பொருளியலில் தேவை, அளிப்பு பாடத்துக்கு ஒரு சந்தை விளையாட்டு உண்டு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை மனதில் வைத்து நடத்தலாம். எட்டு விற்பவர், எட்டு வாங்குபவர், ஆளுக்கு ஒரு கிலோ மல்லி. விற்பவர் அட்டைகளில் 300, 400 என்று 100 வீதம் ஏறி 1,000 வரை. அதற்குக் கீழே விற்கக்கூடாது. வாங்குபவர் அட்டைகளில் 1,100-இலிருந்து இறங்கி 400 வரை. அதற்கு மேலே வாங்கக்கூடாது. அட்டையை யாரிடமும் காட்டக்கூடாது. ஐந்து நிமிடம் பேரம்.

கணக்குப்படி சமநிலை விலை, அதாவது விற்க வருவதும் வாங்க வருவதும் சமமாகும் விலை, 700 ரூபாய், கைமாறுவது நான்கு அல்லது ஐந்து கிலோ. ஆனால் பிள்ளைகளை மூலைக்கு மூலை ரகசியமாகப் பேரம் பேச விட்டால் விலை 450-க்கும் 900-க்கும் சிதறும். ஒவ்வொரு பேரத்தையும் உரக்கக் கூவிச் சொல்லி, முடிந்த விலையைக் கரும்பலகையில் எழுதி, அதே அட்டைகளுடன் இரண்டாம், மூன்றாம் சுற்று நடத்தினால் விலை 700-ஐ நோக்கி நெருங்கும். ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் முதல் வகைப்படி வகுப்பில் நடத்தி, 1948-இல் வெளியிட்ட கட்டுரையில் சந்தை சமநிலைக்கு வருவதில்லை என்று காட்டினார். அங்கே மாணவராக அதில் ஆடிய வெர்னன் ஸ்மித் பிற்பாடு விதியை இரண்டாம் வகைக்கு மாற்றி, வருகிறது என்று 1962-இல் காட்டினார். 2002-இல் நோபல் பெற்றார். இரண்டு பேராசிரியர்கள், ஒரே விளையாட்டு, எதிரெதிர் முடிவு. நேரம் இருந்தால் இரண்டு வகையையும் நடத்துவதே உசிதம்.

முகூர்த்த நாள் வேண்டுமென்றால் வாங்குபவர் அட்டைகள் எல்லாவற்றிலும் 300 கூட்டினால் போதும். சமநிலை 800-க்கும் 900-க்கும் இடையே ஏறும், ஆறு கிலோ விற்கும்.

எங்கே கெட்டுப்போகிறது

1. பரிசு. ஜெயித்த குழுவுக்குச் சாக்லேட் என்று அறிவித்தால் கொட்டை திருடுவது தொடங்கும். திருட்டைக்கூடப் பின்னுரையாடலில் பாடமாக்கலாம். ஆனால் ஐந்து பருவமும் அதிலேயே போனால் பேச வேறொன்றும் மிஞ்சாது.

2. வாயாடிகள். குழுவுக்கு ஒருவர் எல்லா முடிவையும் எடுத்துவிடுவார். பையில் கைவிடுபவர், பயிர் தீர்மானிப்பவர், ஆள் அட்டை கொடுப்பவர் என்று வேலையைப் பிரித்து, பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டும். கலப்பு வகுப்பில் மாணவிகள் கணக்கு எழுதவும் மாணவர்கள் பேரம் பேசவும் தானாகவே பிரிந்துவிடுவார்கள். மாற்றாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

3. நீண்ட விதி. ஆறு நிமிடத்தில் சொல்ல முடியாத விதி அந்த வகுப்புக்குப் பெரியது. முதல் பருவத்தை ஒத்திகை என்று சொல்லி நடத்திவிட்டுப் புள்ளியை அழிப்பது எளிய வழி.

4. ஆசிரியரின் இரக்கம். கடைமடைப் பிள்ளை அழும் நிலைக்கு வந்ததும் ரகசியமாக நான்கு கொட்டை போடுவது. மனசு புரிகிறது, ஆனால் அதன்பின் நடப்பது எதற்கும் காரணம் சொல்ல முடியாது. தாங்க முடியாத பிள்ளை என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே பொறியாளர் வேலை கொடுக்க வேண்டும்.

5. சத்தம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வேப்பமரத்தடிக்குப் போனால் சத்தப் பிரச்சினை தீரும், காற்றில் அட்டை பறக்கும் பிரச்சினை வரும். அட்டை மேல் வைக்க ஆளுக்கொரு கல்.

6. சாதி. தென்மாவட்டப் பள்ளிகளில் இதை மற்ற ஐந்தையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

குழுக்களைப் பிரித்துக் காட்டக் கையில் வண்ண ரிப்பனோ கயிறோ கட்டுவது பயிற்சிக் கையேடுகள் பலவற்றில் இருக்கும் சாதாரண யோசனை. இங்கே அது ஆகாது. வண்ணக் கயிறு எந்தச் சாதி என்பதைக் காட்டும் அடையாளமாகப் பள்ளிகளில் புழங்குகிறது. நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவர் தாக்கப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை அதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. சட்டையில் குத்தும் எண் அட்டை போதும்.

பாத்திரங்களும் அப்படியே. நீர்பாய்ச்சி, வெட்டியான், பண்ணையார் போன்ற பாத்திரங்களுக்கு ஊரில் சாதி முகம் உண்டு. குலுக்கல் முறையில் கொடுத்தாலும், அது தற்செயலாக உண்மையோடு பொருந்திவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது விளையாட்டாக இருக்காது. ஆறு ஊர் விளையாட்டில் நீர் அளப்பவருக்குப் பொறியாளர் என்று பெயர் வைத்திருப்பது அதனால்தான். தீண்டாமை, அடிமை முறை, பிரிவினைக் கலவரம் ஆகியவற்றை நடத்திப் பார்க்கவே கூடாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968-இல் கண்ணின் நிறத்தை வைத்து மூன்றாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்பை உயர்த்தி மறுதரப்பைத் தாழ்த்தி நடத்தினார். ஒரே நாளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இழிவு செய்யத் தொடங்கினர். உலகமெங்கும் பேசப்பட்ட வகுப்பு அது. பிள்ளைகளை அப்படிக் காயப்படுத்தலாமா என்ற வாதமும் கூடவே ஓடுகிறது. அவமானம் என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அதை மறுபடி நடத்திக் காட்டுவது கற்பித்தல் ஆகாது. அங்கே சாட்சியங்களைப் படிப்பதும் பேசுவதுமே சரி.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம், மதிப்பெண் எப்படி

பலர் முடிவெடுத்து, அந்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களுக்கு இந்த முறை பொருந்தும்: சந்தை, தேர்தல், கிராம சபை, நீர்ப் பங்கீடு, தொற்றுநோய் பரவல், உணவு வலை. ஆண்டுகள், சூத்திரங்கள், தலைநகரங்கள், புணர்ச்சி விதிகள் இவற்றுக்குப் பயனில்லை. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது என்பதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு பாடவேளை யாருக்கும் மிச்சமில்லை. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் இதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஆண்டுக்கு ஒரு பாடத்தில் இரண்டு விளையாட்டு, உருப்படியான பின்னுரையாடலோடு நடந்தால் அதுவே நிறைவு.

எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு (வகுப்புச் செயல்பாடுகளை வைத்துப் போடும் மதிப்பீடு) 40 மதிப்பெண் இருப்பதால் இதை அந்தச் செயல்பாடுகளில் ஒன்றாகக் காட்டலாம். ஆனால் விளையாட்டில் எடுத்த புள்ளியை மதிப்பெண்ணாக மாற்றக் கூடாது. ஆறாம் ஊரில் உட்கார்ந்த பிள்ளை தன் இடத்தால் தோற்றது, அறிவால் இல்லை. மதிப்பிட வேண்டியது எழுத்தை. மறுநாள் ஒரு பக்கத்தில் மூன்று கேள்வி: உங்கள் ஊர் எடுத்த ஒரு முடிவையும் அதன் விளைவு எந்த ஊரை எப்படிப் பாதித்தது என்பதையும் எண்களோடு எழுதுக, விளையாட்டில் இல்லாத, ஆனால் உங்கள் பகுதியில் இருக்கும் ஒன்றைச் சொல்லி, அது சேர்ந்தால் எது மாறும் என்று எழுதுக, ஒரு விதியை மாற்றலாம் என்றால் எதை, ஏன்? முதல் கேள்விக்கு விடை வந்தால் ஆட்டம் புரிந்திருக்கிறது. இரண்டும் மூன்றும் வந்தால் பாடம் புரிந்திருக்கிறது. மதிப்பெண்ணில் பெரும்பங்கு அவற்றுக்கே. பெற்றோர் தேடிய நோட்டில் ஒட்ட வேண்டியதும் அந்தப் பக்கமே.